கணினி வீட்டில் குடியிருப்பது யார்?

மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலைப்பேட்டையைச் சும்மா விடுவதில்லை. குடிமங்கலம், பூளவாடி, பல்லடம், தாராபுரம் என்று விரியும் சமவெளியில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அந்தக் காற்றை நம்பி வந்தவைதாம். மின்வாரியத்துக்கு வரமாக இருக்கும் அதே காற்று வீட்டுக்காரருக்குத் தொல்லையும் தருகிறது. ஆடி மாதத்தில் புழுதி சோற்றுப் பானைவரை வந்துவிடும் என்பதால், மேற்குப் பக்கச் சன்னலைப் பலர் சாத்தியே வைத்துவிடுகிறார்கள்.

இந்த ஊரில் ஒரு பசுமைக் கட்டடத்தைக் கணினியில் வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு வானிலை நிலையத்தின் ஓராண்டுத் தரவை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். சுவரின் தடிமன், கூரையின் நிறம், சன்னலின் அளவு ஆகியவற்றைச் சேர்த்து, அறைக்குள் மணிக்கு மணி எவ்வளவு வெப்பம் இருக்கும் என்று சொல்லும். குடியிருப்புக் கட்டடங்களுக்காக 2018இல் வந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற நடுவண் அரசு விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்டலத்தில் தளப்பரப்பில் குறைந்தது 16.66 விழுக்காடு திறக்கக்கூடிய சன்னலாகவும் கதவாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கணினியில் உருவான மாதிரி அந்தக் கணக்கை நிறைவு செய்துவிடும். திரையில் வீடு குளிர்ந்துவிடும். கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் புழுதிக்கும் கொசுவுக்கும் அஞ்சி, அல்லது பகலில் பெண் ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்பதால், அந்தச் சன்னல் சாத்தியே கிடக்கும். அந்தத் தகவலை மாதிரியிடம் யாரும் சொல்லவில்லை.

பசுமைக் கட்டடம் பற்றிய பேச்சு நம் ஊரில் பெரும்பாலும் மின்சாரம், தண்ணீர், கரியமிலம் ஆகிய மூன்றோடு முடிந்துவிடுகிறது. கட்டடத்தில் வாழப் போகிறவர்களின் வழக்கம், உழைப்பு, உறவு, சடங்கு, அச்சம் ஆகியவை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பட்டியலில் நிற்கின்றன. கணினி மாதிரி இந்தப் பிரச்சினையைக் கூர்மையாக்கியிருக்கிறது. காகித வரைபடக் காலத்தில் விடுபட்டதை மேஸ்திரி தளத்தில் நின்று சரிசெய்துவிடுவார். மாதிரியே முதலும் முடிவுமாகிவிட்ட இடத்தில், தரவாக நுழையாத எதற்கும் கட்டடத்தில் இடமில்லை.

மாதிரி வந்த வழி

கட்டடத்தைக் கோடுகளாக வரையாமல், சுவர், கதவு, குழாய் என்று தகவல் தாங்கிய பொருள்களாகக் கணினியில் அடுக்கும் எண்ணத்தை 1970களின் நடுவில் அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் முன்வைத்தார். அதன் வளர்ச்சிதான் இன்று ‘பிம்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கட்டடத் தகவல் மாதிரி. இதில் ஒரு சுவர் வெறும் இரட்டைக் கோடு அன்று. அதன் பொருள், விலை, வெப்பக் கடத்தல், கட்டப்படும் நாள் எல்லாம் அதனுடன் ஒட்டியிருக்கும். கோவையில் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களுக்காக எஃகுச் சட்ட வரைபடமும் பிம் மாதிரியும் செய்து தரும் அலுவலகங்கள் இயங்குகின்றன. வேறு கண்டத்துக் கட்டடங்களை ஆணி விடாமல் மாதிரியாக்கத் தெரிந்த இளைஞர்கள் கொங்கு நாட்டில் இருக்கிறார்கள். அதே கருவி அவர்கள் பிறந்த ஊரின் வீடுகளுக்கு அரிதாகவே பயன்படுகிறது.

பசுமைச் சான்று வந்த வழி வேறு. இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் 2001இல் தொடங்கியது. ஐதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பும் கோத்ரெஜும் சேர்ந்து அமைத்த பசுமை வணிக மையத்தை 2004இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். ‘லீட்’ என்ற பசுமைச் சான்றின் பிளாட்டினம் நிலையை அமெரிக்காவுக்கு வெளியே பெற்ற முதல் கட்டடம் அது. பிறகு டெரி நிறுவனமும் நடுவண் அரசும் சேர்ந்து ‘கிருஹா’ தரவரிசையைக் கொண்டுவந்தன. மாதிரியும் சான்றும் கைகோத்தபோது, புள்ளிகளாக மாற்றக்கூடியவை எல்லாம் மாதிரிக்குள் வந்தன. புள்ளியாக மாறாதவை வெளியே நின்றன.

1987இல் வந்த புருண்ட்லாண்ட் அறிக்கைக்குப் பின் நிலைத்த வளர்ச்சியைச் சூழல், பொருளாதாரம், சமூகம் என்ற மூன்று தூண்களாகச் சொல்லும் பழக்கம் பரவியது. பண்பாட்டை நான்காவது தூணாக ஏற்க வேண்டும் என்று ஆஸ்திரேலியரான ஜான் ஹாக்ஸ் 2001இல் வாதிட்டார். கருத்தளவில் இதை மறுப்பவர் இன்று குறைவு. மாதிரிக்குள் அந்த நான்காவது தூணை எந்த இடத்தில் நடுவது என்பதுதான் தீராத கேள்வி.

தவறிப்போகும் கணிப்பு

இதை வெறும் மனிதநேயப் பேச்சாக ஒதுக்க முடியாது. எரிசக்திக் கணக்கே இதனால் தவறுகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த கை நியூஷாமும் உடன்பணியாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், லீட் சான்று பெற்ற 100 வணிக, நிறுவனக் கட்டடங்களின் எரிசக்திச் செலவை ஒத்த பிற கட்டடங்களோடு ஒப்பிட்டனர். சராசரியாக 18 முதல் 39 விழுக்காடு வரை சேமிப்பு இருந்தது. ஆனால் சான்று பெற்றவற்றில் 28 முதல் 35 விழுக்காடு கட்டடங்கள், ஒப்பீட்டுக் கட்டடத்தைவிட அதிகமாகவே எரிசக்தி தின்றன. இத்தகைய இடைவெளிக்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்களில் ஒன்று, வடிவமைப்பாளர் ஊகித்த வாழ்க்கையும் உள்ளே இருப்பவர் வாழும் வாழ்க்கையும் ஒத்துப்போகாததுதான்.

எது இதமான வெப்பம் என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். உலகம் முழுவதும் குளிர்சாதனக் கணக்குக்கு அடிப்படையாக இருப்பது டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர் 1970இல் நூலாக வெளியிட்ட சூத்திரம். கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் அமெரிக்க, டேனிஷ் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்துப் பெற்ற விடைகள் அதில் பெரும்பங்கு வகித்தன. மின்விசிறிக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கும் உடுமலைக் குடும்பம் அந்தக் கணக்கில் இல்லை. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டி, 2014இல் இந்தியாவுக்கென ஓர் இதநிலை மாதிரியை உருவாக்கியது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் அது இடம்பெற்றது. இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடத்தில், வெளியே அண்மை நாட்களின் சராசரி 28 டிகிரி செல்சியஸ் என்றால், உள்ளேயும் ஏறத்தாழ 28 டிகிரி இதமாகவே இருக்கும் என்கிறது அந்தச் சூத்திரம். அதே அறைக்கு 24 டிகிரி என்று மென்பொருளில் இலக்கு வைத்தால், தேவையே இல்லாத இயந்திரத்தையும் மின்கட்டணத்தையும் நாமே வாங்கிக்கொள்கிறோம்.

உடையும் இந்தக் கணக்கில் உண்டு. மென்பொருளில் மனிதர் உடுத்தியிருப்பது எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கும் என்று ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். நெடுங்காலம் அது சட்டை, கால்சட்டை, கோட்டு ஆகியவற்றின் எண்ணாகவே இருந்தது. ஆய்வாளர் மாதவி இந்திரகண்டி சேலையை வெப்பப் பொம்மைமீது உடுத்திச் சோதித்தார். ஒரே சேலையை வேறு வேறு விதமாகக் கட்டும்போது அதன் வெப்பத் தடை கணிசமாக மாறுவதை அவரும் உடன்பணியாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முந்தானையைச் செருகுவதும் போர்த்துவதும் வெக்கையையும் குளிரையும் சமாளிக்கும் வழி என்பது நம் பெண்களுக்குப் புதிய செய்தி அன்று. அது மாதிரிக்குள் செலுத்தக்கூடிய எண்ணாக மாறியது என்பதுதான் புதியது. பண்பாட்டை அளக்கவே முடியாது என்று கைவிரிப்பவர்களுக்கு இந்த ஆய்வு நல்ல பதில்.

ஆசாரம், வாசல், தறி

கொங்கு நாட்டின் பழைய தொட்டிக்கட்டு வீட்டில் நடுவே வானம் பார்த்த வாசல், சுற்றித் தாழ்வாரம், முன்பக்கம் தூண்கள் நிற்கும் ஆசாரம், தெருவைப் பார்த்த திண்ணை, பின்னால் பொடக்காளி (புழக்கடை). ஆசாரம் எந்த ஒரு வேலைக்கும் உரியதன்று. விருந்தாளி உட்காரவும், அறுவடைக்குப் பின் மூட்டை அடுக்கவும், பஞ்சாயத்துப் பேசவும், சீர் நடத்தவும் அது பயன்பட்டது. அருமைக்காரர் முன்னின்று நடத்தும் திருமணச் சீர்கள் வாசலில் பந்தலிட்டு நடந்தன.

பிம் மாதிரி அறை ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன், இத்தனை பேர், இன்ன நேரம் என்று கேட்கிறது. படுக்கையறை என்றால் இரவு பத்து முதல் காலை ஆறு வரை இருவர் என்பதுபோல ஒரு வார்ப்புரு. கோடையில் மொட்டை மாடியில் படுப்பவர், மதியம் திண்ணையில் கண்ணயர்பவர், பேத்தி வந்தால் கூடத்துக்கு இடம் மாறும் பாட்டி ஆகியோர் இந்த அட்டவணைக்குள் அடங்குவதில்லை. கருவியின் குறை இதில் சிறிதுதான். பிம் தரவுப் பரிமாற்றத்துக்கான ஐஎஃப்சி தரநிலை, பயனர் தாமே வரையறுக்கும் அறை வகைகளையும் பண்புத் தொகுப்புகளையும் சேர்க்க இடம் தருகிறது. அந்த வசதியை நம் வடிவமைப்பாளர்கள் பயன்படுத்துவதில்லை. இறக்குமதியான வார்ப்புருவை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

திருப்பூர் மாவட்டத்திலும் அதை ஒட்டிய ஊர்களிலும் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே வீடு பல இடங்களில் தொழிற்கூடமும்கூட. பல்லடம், சோமனூர் பக்கம் வீட்டை ஒட்டி விசைத்தறிக் கொட்டகை. திருப்பூர்ச் சந்துகளில் பனியன் துணிக்குப் பிசிறு வெட்டும், செக்கிங் பார்க்கும் பெண்கள். குடியிருப்பு, வணிகம் என்று இரண்டாகப் பிரிக்கும் மென்பொருளுக்கு, காலை பத்து மணிக்குக் கூடத்தில் நான்கு பெண்கள் துணிக்குவியல் நடுவே வேலை செய்வது தெரியாது. பகல் வெளிச்சத்தின் தேவை, பஞ்சுத் தூசியை வெளியேற்றும் காற்றோட்டம், தறிச் சத்தம் அடுத்த வீட்டுக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்காத சுவர் ஆகிய மூன்றும் இந்தப் பகுதியில் பசுமைக் கணக்கின் உள்ளேயே வர வேண்டியவை.

சாவையும் மாதிரி மறந்துவிடுகிறது. பிம் மென்பொருளின் பெருமைகளில் ஒன்று ‘மோதல் கண்டறிதல்’: குழாய் உத்தரத்தில் இடித்தால் சிவப்பாகக் காட்டிவிடும். மூன்றாம் மாடியில் ஒருவர் இறந்தால் உடலைக் கிடத்தியபடி இறக்க மின்தூக்கியில் இடம் உண்டா, படிக்கட்டில் திரும்ப முடியுமா, ஊர்சனம் வந்து உட்காரக் கீழே நிழல் இருக்கிறதா என்பதையும் அதே வசதியால் சோதிக்கலாம். அந்தச் சோதனையை எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

திண்ணையின் மறுபக்கம்

இதற்கு மேல் ஓர் எச்சரிக்கை தேவை. பழைய வீட்டின் வடிவத்தை அப்படியே மாதிரிக்குள் ஏற்றுவது பண்பாட்டு நிலைபேறு ஆகிவிடாது. அதே திண்ணைதான் யார் எதுவரை வரலாம் என்பதற்கு எல்லைக்கோடாகவும் இருந்தது. பண்ணையத்து ஆள் வாசலுக்கு வெளியே நிற்க, நிலக்காரர் ஆசாரத்தில் உட்கார்ந்து பேசிய ஊர் இது. உழைத்தவர்களின் வளவு ஊருக்கு வெளியே, தனியாக இருந்தது. வீட்டுக்குள்ளும் ஆசாரம் ஆண்களின் இடம். புகை சூழ்ந்த அடுக்களை பெண்களின் இடம்.

எனவே பழையதில் எதைத் தொடர்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்யும் உரிமை மென்பொருள் இயக்குபவருக்கும் இல்லை, மரபுப் பெருமை பேசுபவருக்கும் இல்லை. அங்கே வாழப் போகிறவர்களே சொல்ல வேண்டும். திருமணம் மண்டபத்துக்குப் போய்விட்ட காலத்தில் வாசலில் பந்தல் போடும் இடம் பலருக்குத் தேவையில்லாமல் போயிருக்கலாம். மாலையில் பெண்கள் அச்சமின்றிக் கூடி உட்காரும் ஒரு திண்ணை தேவைப்படலாம். தேங்காய் மட்டையும் பன்னாடையும் சும்மா கிடைக்கும் தென்னந்தோப்பு வீட்டில், கூரைமேல் சூரிய வெந்நீர்க் கலன் வைத்த பிறகும் பொடக்காளியில் வெந்நீர் அடுப்பு எரியலாம். கேட்டால்தான் தெரியும்.

செங்கல்லில் எழுதாத கணக்கு

பிம் மாதிரியில் ஒரு செங்கல் சுவரைச் சொடுக்கினால் அதன் உள்ளடங்கிய எரிசக்தியும் கரியமிலமும் எண்களாக வரும். அந்த எண் எந்த ஊர்ச் செங்கல்லைப் பற்றியது என்று யாரும் கேட்பதில்லை. கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் மலையடிவாரச் செம்மண்ணை ஆழமாகத் தோண்டிச் சூளைகளில் சுட்டார்கள். யானைகள் நடமாடும் பகுதி அது. ஊர்மக்களும் சூழல் ஆர்வலர்களும் பல ஆண்டுகள் போராடி, வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போய், 2021இல் 170க்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. மூடியதால் மண்ணுக்கு மூச்சு வந்தது. சூளையை நம்பிய தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். இந்த இரண்டு உண்மைகளும் அந்தக் கரியமில எண்ணுக்குள் இல்லை. பொருளோடு சேர்த்து, மண் எடுத்த இடம், அதற்கான அனுமதி, செய்தவரின் கூலி நிலை என மூன்று பண்புகளை மாதிரியில் கட்டாயமாக்கினால், பல தேர்வுகள் வடிவமைப்பு மேசையிலேயே மாறிவிடும்.

கட்டுகிற கைகளைப் பற்றிய பேச்சு ‘கிருஹா’வில் ஓரளவு உண்டு. அதன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, தொழிலாளர் பாதுகாப்பும் கழிப்பறையும், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல், பணியாளர்களுக்கான தனி வசதி ஆகியவற்றுக்குப் புள்ளி தருகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கிக் கொங்கு நாட்டுக் கட்டடங்களை எழுப்புபவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனாலும் கட்டுமான நாள்வரிசையை மாதிரியாக்கும்போது கிரேன் நிற்கும் இடம் வருகிறது. சித்தாளின் குழந்தைக்குத் தொட்டில் கட்டும் நிழல் வருவதில்லை.

கேட்காமல் கட்டியவை, கேட்டுக் கட்டியவை

சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டுக் கடற்கரையில் நடந்த மறுகட்டுமானம் இதற்குக் கசப்பான பாடம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஜெனிஃபர் டுய்ன் பாரன்ஸ்டைன் நாகப்பட்டினம் பகுதி மீனவ ஊர்களில் செய்த ஆய்வுகள், ஒப்பந்ததாரர்கள் மனை சமன்செய்ய மரங்களை வெட்டியதையும், சேதமடையாத வீடுகள்கூட இடிக்கப்பட்டதையும் பதிவு செய்தன. மரநிழலில் வலை பின்னி, மீன் உலர்த்தி, கதை பேசி வாழ்ந்தவர்களுக்கு வெயிலில் வேகும் கான்கிரீட் பெட்டிகள் கிடைத்தன. அங்கே கணினி மாதிரி குற்றவாளி இல்லை. தேவைப்பட்டியலில் மரம் என்ற வரியே இல்லாதது குற்றம்.

தொழில்நுட்பம் முன்னேறிய பிறகும் கேள்வி மாறவில்லை. சென்னை பெரும்பாக்கத்தில் ‘லைட் ஹவுஸ்’ திட்டத்தின்கீழ் முன்வார்ப்புக் கான்கிரீட் பாகங்களைப் பொருத்தி 1,152 வீடுகள் எழுந்தன. 2021 ஜனவரியில் அடிக்கல், 2022 மே மாதத்தில் திறப்பு. வேகத்தில் இது சாதனை. ஆனால் நகரின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் பள்ளியையும் தொலைத்துத் தவித்த வரலாறு அந்தப் பெரும்பாக்கத்துக்கு ஏற்கெனவே உண்டு. கோவையிலும் குளக்கரைகளில் வாழ்ந்தவர்கள் கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பப்பட்டார்கள். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் குளக்கரைகள் நடைபாதையும் விளக்குமாக மின்னுகின்றன. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் பேருந்துச் செலவு எந்தப் பசுமை மாதிரியிலும் பதிவாகவில்லை.

மாறாக, ராஜ்கோட்டில் இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டத்தின் துணையோடு ஏழைகளுக்காகக் கட்டிய 1,176 வீடுகள் நம்பிக்கை தருகின்றன. வடிவமைப்பின் தொடக்கத்திலேயே கணினி உருவகப்படுத்தலை வைத்து, முழுதாகத் திறக்கும் சன்னலும் காற்றை இழுக்கும் செங்குத்துப் புகைபோக்கி போன்ற வழியும் அமைத்தார்கள். குளிர்சாதனம் வாங்க முடியாதவருக்காகவே கணக்குப் போட்டதால், கணக்கின் விடையும் அவருக்குப் பயன்படுவதாக அமைந்தது.

உடுமலைக்கு என்ன தேவை

தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள் அடங்கும் மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்டுபவர் சுயசான்று முறையில் இணையவழியே அனுமதி பெறலாம். உடுமலை போன்ற ஊர்களில் எழும் வீடுகளில் மிகுதியும் இந்த அளவுக்குள் வருபவை. அதாவது அனுமதி கேட்கும் கட்டத்திலேயே வீடு மின்தரவாகிவிட்டது. அந்தத் தரவில் வீட்டைப் பற்றி இருப்பவை பெரும்பாலும் பக்க இடைவெளி, பரப்பளவு போன்றவைதாம். சில வரிகளைச் சேர்ப்பதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம்: வீட்டில் செய்யும் தொழில் என்ன, ஆடியில் சாத்தும் சன்னல் எது, முதியவர் படுக்கும் தளம் எது, வெட்டாமல் காக்க வேண்டிய மரம் எது, செங்கல் எங்கிருந்து வருகிறது.

பெரிய திட்டங்களுக்கு வழி இன்னும் தெளிவு. பிம் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 19650 தரநிலை, வேலை தொடங்குமுன்பே உரிமையாளர் தமக்கு வேண்டிய தகவல்களைப் பட்டியலிட வேண்டும் என்கிறது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் அந்தப் பட்டியலைக் குடியேறப் போகும் குடும்பங்களிடம் உட்கார்ந்து எழுதினால் போதும். சமூகமும் பண்பாடும் ஒப்பந்த ஆவணத்தின் பகுதியாகிவிடும். குடியேறிய ஓராண்டுக்குப் பின் மாதிரி சொன்னதையும் வீட்டில் நடப்பதையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை வெளிப்படையாக வெளியிட வேண்டும். 1945இல் தொடங்கிய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியும், 1951இல் தொடங்கிய பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியும் கொங்கு வீடுகளின் பயன்பாட்டு நேரம், சன்னல் பழக்கம், வீட்டுத்தொழில் வகைகளைக் களஆய்வு செய்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் திறந்த நூலகமாக்கலாம். டப்ளினில் 2009 வாக்கில் மாரிஸ் மர்பியும் உடன்பணியாளர்களும் பழைய கட்டடங்களின் பாகங்களை இவ்வாறு நூலகமாக்கி மரபுக் கட்டடங்களுக்கான பிம் முறைக்கு வழி திறந்தார்கள். அங்கே தொகுத்தது தூணும் சாளரமும். இங்கே அவற்றோடு சேர்த்துத் தொகுக்க வேண்டியது வாழும் முறை.

வீடு கட்டத் தயாராகும் வாசகர் இதற்காக அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்ஜினியரிடம் போகும் முன், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் — பாட்டியும் வேலைக்கு வரும் அம்மாவும் உட்பட — காலை முதல் இரவு வரை எங்கே, என்ன செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரைபடம் கைக்கு வந்ததும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாத இடங்களைத் திரையிலேயே மாற்றச் சொல்லுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு மாற்றுவதைவிட அது மலிவு.